எஞ்சினை அணைத்த பிறகு விண்கலத்தைத் தள்ளுவது யார்?

ஏரிக்கரையான் (பழவேற்காடு):
எல்லோருக்கும் வணக்கம். ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் கொஞ்ச நாளாக இதே பேச்சுதான்.

ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று எங்கள் பக்கம் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அதனால் அன்றைக்கு ஊரில் எல்லோரும் கரையில்தான் இருப்போம். வடக்கே ஸ்ரீஹரிகோட்டா பக்கம் நெருப்பு எழும்புவது இங்கிருந்தே தெரியும். சத்தம் பிறகுதான் வந்து சேரும். கண்ணுக்கு மறைந்ததும் ஆளாளுக்குக் கைப்பேசியில் நேரலையைப் பார்ப்போம்.

போன முறை பி.எஸ்.எல்.வி. போனபோது நேரலையில் 'கோஸ்டிங்' என்றார்கள். மூன்றாம் கட்டம் எரிந்து முடிந்துவிட்டது, நான்காம் கட்டம் இன்னும் பற்றவில்லை. எஞ்சின் எதுவும் ஓடவில்லை, ஆனால் திரையில் உயரம் ஏறிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்த மாமா கேட்டார்: "எஞ்சினை நிறுத்தினா நம்ம போட்டு கொஞ்ச தூரத்துல நின்னுடுது. அது மட்டும் எப்படிடா போகுது?" அங்கே காற்று இல்லை மாமா, அதனால்தான் என்றேன். "காத்தும் இல்ல, எஞ்சினும் இல்லன்னா அதைத் தள்ளுறது யாரு?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. செவ்வாய்க்கு அனுப்பிய மங்கள்யான் பத்து மாதம் எஞ்சின் இல்லாமலே போனது என்று படித்திருக்கிறேன். யாராவது புரிகிற மாதிரி சொல்லுங்கள். மாமாவிடம் அப்படியே போய்ச் சொல்ல வேண்டும்.

ஆரம்பாக்கம் வாசகன்:
விண்வெளியில் ஈர்ப்பு விசை கிடையாது தம்பி. இழுக்க ஆள் இல்லை, அதனால் நிற்காமல் போகிறது. அவ்வளவுதான்.

சூளூர்ப்பேட்டை வாத்தியார்:
ஈர்ப்பு இல்லை என்பது சரியல்ல. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் தம்பியின் மாமாவுக்குப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது லேசான கேள்வி இல்லை. ஒரு பொருள் நகர்கிறது என்றால் அதை நகர்த்துகிற ஒன்று கூடவே இருந்தாக வேண்டும் என்றுதான் அரிஸ்டாட்டில் சொன்னார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு உலகம் அதை நம்பியது. கண்ணால் பார்ப்பது எல்லாம் அப்படித்தானே இருக்கிறது? கலிலியோவும் நியூட்டனும் செய்த பெரிய காரியம், அந்தக் கேள்வியையே திருப்பிப் போட்டதுதான். தள்ளுவது யார் என்று கேட்காதீர்கள், நிறுத்துவது யார் என்று கேளுங்கள்.

உங்கள் போட்டையே எடுத்துக்கொள்வோம். எஞ்சின் ஓடுகிறது, சீரான வேகத்தில் போகிறீர்கள். அப்போது எஞ்சின் முன்னால் தள்ளுகிற விசையும் தண்ணீர் பின்னால் பிடிக்கிற விசையும் சரிக்குச் சரி. கூட்டிக் கழித்தால் போட்டின் மேல் மிஞ்சுகிற விசை பூஜ்யம். அதாவது எஞ்சின் அந்த நேரத்தில் போட்டுக்கு வேகம் கொடுக்கவில்லை. தண்ணீர் பறித்துக்கொள்வதை ஈடுகட்டுகிறது, அவ்வளவுதான். எஞ்சினை நிறுத்தினால் ஈடுகட்ட ஆள் இல்லை, பறிப்பது மட்டும் தொடர்கிறது. அணியத்தில், அதாவது முன்முனையில், எழும்புகிற அலை, அடிப்பலகையோடு ஒட்டி இழுபடுகிற தண்ணீர், பின்னால் சுழித்துக்கொண்டு வருகிற நுரை எல்லாமே போட்டின் வேகத்தை எடுத்துக்கொண்டுதான் உண்டாகின்றன. எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்த்த இடத்தில் போட்டு நிற்கிறது.

இன்னொன்றும் மாமாவுக்கே தெரிந்திருக்கும். பாரம் ஏற்றி வருகிற போட்டு என்றால் கரைக்கு வெகு முன்பே எஞ்சினைக் குறைத்துவிடுவார். வெறும் போட்டு மாதிரி அது சட்டென்று வேகம் குறையாது. நிறை கூடினால் ஓடுகிறதை நிறுத்துவதும் கஷ்டம், நிற்கிறதைக் கிளப்புவதும் கஷ்டம். நிலைமம் என்று பாடப் புத்தகத்தில் படிக்கிறோமே, அது இதுதான். இருக்கிற நிலையை விடாத குணம். நிற்பதை மட்டும் அல்ல, ஓட்டத்தையும் விடாது. பிள்ளைகள் முதல் பாதியைச் சுலபமாக ஏற்றுக்கொள்வார்கள், இரண்டாம் பாதியில்தான் தடுமாறுவார்கள். நான் வகுப்பில் வருடா வருடம் பார்க்கிறேன்.

இப்போது தண்ணீரை எடுத்துவிடுங்கள், காற்றையும் எடுத்துவிடுங்கள். பறிக்க யாரும் இல்லை. ஈடுகட்ட எஞ்சின் எதற்கு? கலத்தை யாரும் தள்ளவில்லை தம்பி. தள்ள வேண்டிய அவசியமே இல்லை. 1687-இல் நியூட்டன் எழுதிய முதல் விதி இவ்வளவுதான்: வெளியிலிருந்து விசை வந்து மாற்றாதவரை நிற்பது நின்றபடியும், ஓடுவது அதே வேகத்தில் நேர்க்கோட்டில் ஓடியபடியும் இருக்கும்.

நகரி நெசவாளி:
நல்ல விளக்கம் சார். ஆனால் எனக்கு ஒன்று இடிக்கிறது. தள்ளவே வேண்டாம் என்றால் மங்கள்யானில் எதற்கு அவ்வளவு எரிபொருள்? மொத்த எடை 1,337 கிலோ, அதில் 852 கிலோ எரிபொருள் என்று அப்போதே செய்தித்தாளில் படித்தது நினைவிருக்கிறது. பாதிக்கு மேல் எரிபொருள். ஓடுவதற்கு வேண்டாம் என்றால் அது எங்கே போனது?

சூளூர்ப்பேட்டை வாத்தியார்:
மாற்றுவதற்கு. விண்வெளியில் எஞ்சினுக்கு வேலை ஓட்டுவது அல்ல, ஓட்டத்தை மாற்றுவது. கூட்டுவது, குறைப்பது, திசை திருப்புவது. இது புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

மங்கள்யானின் நாட்குறிப்பைப் பாருங்கள். 2013 நவம்பர் 5 பிற்பகல் 2.38-க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. தம்பி சொன்ன அந்த கோஸ்டிங், அந்தப் பயணத்தில் வழக்கத்தைவிட ரொம்ப நீளம். மூன்றாம் கட்டம் முடிந்து நான்காம் கட்டம் பற்றவைக்கும் வரை ஏறத்தாழ 25 நிமிடம். அந்த நேரம் முழுவதும் எஞ்சின் ஓடாமலேயே தென் பசிபிக் வரை போய்விட்டது. நான்காம் கட்டம் எரிவதைக் கண்காணிக்க இங்கே தரையில் நிலையம் போதாது என்று நாலந்தா, யமுனா என்று இரண்டு கப்பல்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள்.

பிறகு பூமியைச் சுற்றும் பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கினார்கள். டிசம்பர் 1 அதிகாலை 12.49-க்கு 440 நியூட்டன் எஞ்சினைச் சுமார் 22 நிமிடம் எரித்து, நொடிக்கு 648 மீட்டர் வேகத்தைக் கூட்டினார்கள். அதோடு பூமியின் பிடியை விட்டு வெளியேறிவிட்டது. செவ்வாயை அடைந்தது 2014 செப்டம்பர் 24.

நடுவில் இருந்த அந்த 300 நாளில் என்ன நடந்தது தெரியுமா? டிசம்பர் 11 அன்று சின்ன உந்திகளை 40 நொடி எரித்துப் பாதையைத் திருத்தினார்கள். 2014 ஜூன் 11 அன்று 16 நொடி. செப்டம்பர் 22 அன்று பெரிய எஞ்சின் வேலை செய்கிறதா என்று பார்க்க 4 நொடி. பாதையைத் திருத்தும் எரிப்பு என்று பார்த்தால் இவ்வளவுதான். ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் செய்வதாக இருந்த திருத்தங்கள் தேவைப்படவில்லை என்று விட்டுவிட்டார்கள். 65 கோடி கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் இந்த எரிப்புகளைக் கூட்டினால் ஏறத்தாழ ஒரு நிமிடம். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் மயிர்க்கூச்செறிகிறது.

களியக்காவிளை செல்வி:
அந்த 440 நியூட்டன் எஞ்சின் எங்கள் பக்கத்துச் சரக்கு சார்! இஸ்ரோவின் திரவ உந்துவிசை மையம் உருவாக்கியது. அதன் தலைமையகம் திருவனந்தபுரம் பக்கத்து வலியமலை, நாங்கள் இருக்கிற எல்லையிலிருந்து பக்கம்தான்.

440 நியூட்டன் என்றால் பெரிதாகத் தோன்றும். தரையில் ஒரு 45 கிலோ மூட்டையைத் தாங்குகிற விசைதான் அது. அதை வைத்துக்கொண்டு சிமெண்டுத் தரையில் மங்கள்யானை நகர்த்தவே முடியாது. அங்கே எப்படி முடிந்தது என்றால், வாத்தியார் சார் கொடுத்த கணக்கையே வகுத்துப் பாருங்கள். 22 நிமிடத்தில் நொடிக்கு 648 மீட்டர் என்றால் ஒவ்வொரு நொடியும் சுமார் அரை மீட்டர் வேகம் கூடியிருக்கிறது. முதல் நொடியில் அரை மீட்டர், அடுத்த நொடியில் இன்னும் ஒரு அரை மீட்டர். கொடுத்த அரை மீட்டரை யாரும் பறிக்கவில்லை, அப்படியே கணக்கில் சேர்ந்தது. நிலைமத்தின் தயவு அதுதான்.

ஆரம்பாக்கம் வாசகன்:
சார், ஈர்ப்பு இல்லை என்பது சரியல்ல என்றீர்கள். அங்கேயும் ஈர்ப்பு இருந்தால் அது பின்னால் இழுக்க வேண்டும் அல்லவா? இழுத்தால் வேகம் குறைய வேண்டும். குறைந்தால் நிலைமம் பொய் என்று ஆகாதா?

சூளூர்ப்பேட்டை வாத்தியார்:
கேட்க வேண்டிய கேள்வி. குறையத்தான் செய்கிறது, நன்றாகவே குறைகிறது.

பன்னாட்டு விண்வெளி நிலையம் இருக்கிற 400 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு தரையில் இருப்பதில் ஏறத்தாழ 90 சதவீதம். உள்ளே ஆட்கள் மிதப்பது ஈர்ப்பு இல்லாததால் அல்ல. நிலையமும் ஆட்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள். நொடிக்கு 7.7 கிலோமீட்டர் பக்கவாட்டில் ஓடுவதால் விழுகிற பாதை பூமியின் வளைவோடு சேர்ந்து வளைந்துவிடுகிறது, தரையில் வந்து முட்டுவதில்லை. நிலைமம் நேராக ஓடச் சொல்கிறது, ஈர்ப்பு அதை வளைக்கிறது. இரண்டும் சேர்ந்ததுதான் சுற்றுப்பாதை.

சந்திரயான்-3-ஐ வைத்து ஒரு கணக்குப் போடலாம். 2023 ஆகஸ்ட் 1 அதிகாலை நிலவை நோக்கித் தள்ளிய பிறகு அதன் பாதை 288 கி.மீ.க்கு 3,69,328 கி.மீ. என்று இஸ்ரோ சொன்னது. பூமிக்கு மிக அருகில் 288, மிகத் தொலைவில் மூன்று லட்சத்து அறுபத்தொன்பதாயிரம் சொச்சம். நிலவின் இழுப்பைச் சேர்க்காமல் பூமியை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், அருகில் இருக்கும்போது வேகம் நொடிக்கு 10.8 கிலோமீட்டர். தொலைதூர முனையில் நொடிக்கு 0.2 கிலோமீட்டர்கூட முழுசாக இல்லை. எஞ்சின் ஓடாத அந்த நாலைந்து நாளில் பூமி அதன் வேகத்தை இவ்வளவு பிடுங்கியிருக்கிறது!

இதனால் நிலைமம் பொய்யாகிவிடுமா? இல்லை. முதல் விதி "விசை எதுவும் இல்லாதபோது" என்றுதான் சொல்கிறது. ஈர்ப்பு ஒரு விசை, அது வேகத்தை மாற்றுகிறது. ஆனால் தண்ணீர் பிடிப்பதற்கும் ஈர்ப்பு இழுப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. தண்ணீர் பறித்த வேகம் வெப்பமாகவும் அலையாகவும் போனது போனதுதான், திரும்ப வராது. ஈர்ப்பு பறித்தது அப்படி அல்ல. அந்தக் கலம் நிலவிடம் போகாமல் அதே பாதையில் திரும்பி விழுந்திருந்தால், 288 கிலோமீட்டருக்கு வரும்போது அதே 10.8 திரும்பக் கிடைத்திருக்கும். உராய்வையும் ஈர்ப்பையும் ஒரே பட்டியலில் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் "விண்வெளியில் ஈர்ப்பு இல்லை" என்ற தவறு இவ்வளவு பரவியிருக்கிறது. பாடம் எடுப்பவர்களே சொல்கிறார்கள், அது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

உராய்வும் ஒரேயடியாக இல்லாமல் போய்விடுவதில்லை. விண்வெளி நிலையம் இருக்கும் உயரத்தில் துளி காற்று இருக்கிறது. அதனால் அது மாதத்துக்கு ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் இறங்குகிறது, அவ்வப்போது எஞ்சினை எரித்து மேலே ஏற்ற வேண்டியிருக்கிறது. உங்கள் போட்டு எஞ்சின் செய்கிற வேலைதான் அது. பறித்ததை ஈடுகட்டுவது.

ஆரம்பாக்கம் வாசகன்:
"பறித்தது திரும்ப வரும், பறித்தது போனதுதான்" என்று பிரித்துச் சொன்னது பளிச்சென்று இருக்கிறது சார். எழுதி வைத்துக்கொண்டேன்.

சித்தூர் அம்மா:
என் மகள் எட்டாவது படிக்கிறாள். பள்ளியில் தெலுங்கு மீடியம், வீட்டில் தமிழ். இந்த இழையை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கேட்கிறாள்: சந்திரயானிலிருந்து விக்ரம் லேண்டர் தனியாகப் பிரிந்ததே, அதுவரை தூக்கிக்கொண்டு போனது உந்துகலம்தானே, பிரிந்ததும் லேண்டர் பின்னால் நின்றுவிடாதா, இல்லை அப்படியே நிலவில் விழுந்துவிடாதா என்று.

களியக்காவிளை செல்வி:
பாப்பாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள் அக்கா. நல்ல கேள்வி.

பிரிந்தது 2023 ஆகஸ்ட் 17. அப்போது இரண்டும் சேர்ந்து நிலவுக்கு மேலே 153-க்கு 163 கிலோமீட்டர் பாதையில் சுற்றிக்கொண்டிருந்தன. உந்துகலம் லேண்டரை அந்த நேரத்தில் தூக்கிப் பிடித்திருக்கவும் இல்லை, இழுத்துக்கொண்டு போகவும் இல்லை. எஞ்சின் அணைந்துதான் இருந்தது. இரண்டுக்கும் ஒரே வேகம், ஒரே திசை. கட்டை அவிழ்த்தால் அந்த வேகம் எங்கே போகும்? இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் அதே பாதையில்தான் ஓடும். லேண்டர் கீழே இறங்க வேண்டும் என்றால் அதுவே தன் எஞ்சினை எரித்து வேகத்தைக் குறைக்க வேண்டும். ஆகஸ்ட் 18-இலும் 20-இலும் அதைத்தான் செய்தது. பாதையின் கீழ்முனை 25 கிலோமீட்டருக்கு வந்தது.

விண்வெளி வீரர் வெளியே வந்து வேலை பார்க்கும்போது நிலையம் அவரை விட்டுவிட்டு ஓடிவிடாததும் இதனால்தான். நொடிக்கு 7.7 கிலோமீட்டர் வேகம் அவருக்கும் இருக்கிறது.

சித்தூர் அம்மா:
புரிந்தது என்கிறாள். "அப்போ நாமும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறோம்?" என்று அடுத்ததைக் கேட்கிறாள்!

சூளூர்ப்பேட்டை வாத்தியார்:
ஆமாம் கண்ணு, நீ கேட்டது ரொம்பப் பெரிய விஷயம். பூமி சுழல்வதால் எங்கள் பகுதியில் நிலம், ஏரி, மரம், மனிதர் எல்லாமே கிழக்கு நோக்கி நொடிக்குச் சுமார் 450 மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறோம். ஏவுதளத்தில் நிற்கிற ராக்கெட்டுக்கும் அந்த வேகம் முன்பே இருக்கிறது. கிழக்குப் பக்கம் ஏவினால் அது கைமுதலாகக் கூடச் சேர்ந்துகொள்கிறது. ஏவுதளத்துக்கு நிலநடுக்கோட்டிற்குப் பக்கமான கிழக்குக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். கிழக்கே முழுக்கக் கடல் இருப்பது இன்னொரு காரணம்.

அதைவிடப் பெரிதும் உண்டு. பூமி சூரியனைச் சுற்றுவது நொடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில். மங்கள்யான் பூமியை விட்டு வெளியேறியபோது அந்த முப்பதும் அதனுடனேயே போனது. செவ்வாய் வரை போனதில் பெரும்பங்கு வேகம் எந்த எஞ்சினும் கொடுத்தது அல்ல. இந்த மண்ணில் இருந்ததால் வந்த வேகம். எஞ்சின்கள் அதன் மேல் சில கிலோமீட்டர்களைச் சேர்த்தன.

போகப் போகச் சூரியன் இழுத்து வேகம் குறைந்தது. செவ்வாயை எட்டும்போது சூரியனைப் பொறுத்து நொடிக்குச் சுமார் 22 கிலோமீட்டர். செவ்வாய் ஓடுவது சராசரியாக நொடிக்கு 24. ஆகவே கலம் செவ்வாயைத் துரத்திப் பிடிக்கவில்லை. குறித்த இடத்துக்கு முன்னதாகவே வந்துகொண்டிருந்தது, செவ்வாய் பின்னாலிருந்து வந்து சேர்ந்துகொண்டது.

நகரி நெசவாளி:
இந்தக் கடைசிப் பத்தியை மட்டும் மூன்று நான்கு தடவை படித்தேன். தாளில் வரைந்து பார்த்தபிறகுதான் பிடிபட்டது.

ஏரிக்கரையான் (பழவேற்காடு):
சார், அக்கா, எல்லோருக்கும் நன்றி. மாமாவிடம் போட்டு கணக்கைச் சொன்னேன். தண்ணீர் பறிக்கிறது, எஞ்சின் ஈடுகட்டுகிறது என்றதும் தலையாட்டினார். பாரம் ஏற்றின போட்டு விஷயத்தைக் கேட்டதும் "அது தெரியாமலா" என்றார். அப்புறம் அவர் கேட்டது இது: "தானா நிக்காதுன்னா, நிறுத்த வேண்டிய இடத்துல எப்படி நிறுத்துறான்? நங்கூரம் போட முடியுமா, எதையாவது பிடிக்க முடியுமா?"

களியக்காவிளை செல்வி:
மாமா சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். கிளப்புவதைவிட நிறுத்துவதில்தான் பல பயணங்கள் கெட்டுப்போகின்றன.

பிடிக்க அங்கே எதுவும் இல்லை. போகிற திசைக்கு எஞ்சினைக் காட்டி எரிக்க வேண்டும். கலம் எந்தப் பக்கம் முகம் வைத்திருந்தாலும் ஓட்டம் மாறாது. பின்பக்கமாகவும் ஓடும், குறுக்காகவும் ஓடும். ஆகவே முதலில் கலத்தைத் திருப்பி எஞ்சின் வாயை முன்னால் கொண்டுவருவார்கள், பிறகு எரிப்பார்கள். சந்திரயான்-3 ஆகஸ்ட் 5 மாலை நிலவின் பிடியில் சேர்ந்தபோது எஞ்சின் 1,835 நொடி எரிந்தது. அரை மணி நேரத்துக்கும் மேல். அது முழுக்க முழுக்க பிரேக்.

ஆகஸ்ட் 23 மாலை இறங்கியதைப் பாருங்கள். 30 கிலோமீட்டர் உயரத்தில் லேண்டர் நொடிக்கு 1.68 கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்குறைய கிடைமட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. செவ்வாயிலாவது மெல்லிய காற்று உண்டு, பாராசூட் விரிக்கலாம். நிலவில் அதற்கும் வழியில்லை. அந்த 1.68-ஐ எஞ்சின் மட்டுமே துடைத்தாக வேண்டும். முதல் கட்டம் மட்டும் 690 நொடி. உயரம் 7.4 கிலோமீட்டருக்கு வந்தபோது வேகம் நொடிக்கு 358 மீட்டராகக் குறைந்திருந்தது. மீதியையும் துடைத்து 6.04-க்குத் தரையைத் தொட்டது. லேண்டரின் எடை 1,752 கிலோ, அது சுமந்து சென்ற எரிபொருளில் பெரும்பகுதி இந்த ஒரு வேலைக்காகவே. நிலைமம் ஓட்டத்தை இலவசமாகக் கொடுக்கிறது, நிறுத்தும்போது முழு விலையையும் கேட்டு வாங்குகிறது.

சூளூர்ப்பேட்டை வாத்தியார்:
மங்கள்யானில் இதற்காகப் பட்ட கவலையைச் சொல்ல வேண்டும். 300 நாள் சும்மா இருந்த எஞ்சின் செவ்வாயில் பற்றாவிட்டால்? கலம் நிற்காது. செவ்வாயைக் கடந்து போய்ச் சூரியனைச் சுற்றிக்கொண்டே இருக்கும், திரும்பக் கூப்பிட வழியில்லை. அதற்குத்தான் செப்டம்பர் 22-இன் அந்த 4 நொடி சோதனை. பெரிய எஞ்சின் கைவிட்டால் எட்டு 22 நியூட்டன் உந்திகளையும் சேர்த்து நீண்ட நேரம் எரிப்பது என்று மாற்றுத் திட்டமும் வைத்திருந்தார்கள். தேவைப்படவில்லை. 24-ஆம் தேதி காலை எஞ்சின் சுமார் 23 நிமிடம் எரிந்து வேகத்தைக் குறைத்தது.

களியக்காவிளை செல்வி:
தம்பி கோஸ்டிங் என்று ஆரம்பித்ததால் எங்கள் கரையின் பங்கையும் சொல்லிவிடுகிறேன். 1963 நவம்பர் 21 அன்று திருவனந்தபுரம் அருகே தும்பாவிலிருந்து போன முதல் ராக்கெட் நைக்-அப்பாச்சி. அந்த மாதிரி ஆய்வு ராக்கெட்டுகளில் எஞ்சின் எரிவது கொஞ்ச நொடிகள்தான். மீதி உயரம் முழுவதும் வெறும் நிலைமத்தால் ஏறுவது. ஈர்ப்பு குறைத்துக்கொண்டே வர, ஓர் உச்சியைத் தொட்டுத் திரும்பிவிடும். அன்று அது வெளிவிட்ட சோடியம் ஆவி சாயங்கால வானத்தில் நிறமாகப் படர்ந்ததைக் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பலர் பார்த்திருக்கிறார்கள். அந்த நிறம் இருந்த உயரத்துக்கு ராக்கெட்டைக் கொண்டுசேர்த்ததில் பெரும்பகுதி எஞ்சின் அணைந்த பிறகு நடந்தது.

நகரி நெசவாளி:
எல்லாக் கலமும் இப்படித்தானா? தொடர்ந்து எஞ்சினை எரித்துக்கொண்டே போவது எதுவும் இல்லையா?

சூளூர்ப்பேட்டை வாத்தியார்:
உண்டு. 2007-இல் நாசா ஏவிய டான் கலத்தில் அயனி எஞ்சின், அதாவது மின்னேற்றம் பெற்ற அணுக்களைப் பின்னால் பீய்ச்சுகிற எஞ்சின். அது தருகிற விசை மிகச் சிறியது, ஒரு நியூட்டனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் எல்லாம் கூட்டினால் ஐந்து ஆண்டுக்கும் மேல் எரிந்தது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே இருக்கிற வெஸ்டா, சீரிஸ் என்ற இரண்டு சிறு உலகங்களுக்கும் போய் இரண்டையும் சுற்றியது. அதுவும் ஓடுவதற்காக எரியவில்லை, வேகத்தை மாற்றுவதற்காகவே எரிந்தது. கொடுத்த துளி வேகம் எதுவும் வீணாகாமல் சேர்ந்ததால்தான் அவ்வளவு சின்ன எஞ்சின் போதுமானதாக இருந்தது.

முதல் விதியை எவ்வளவு நுணுக்கமாகச் சோதிக்க முடியும் என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். நாசாவின் பயனியர் 10 கலத்தை ஏவியது 1972, பயனியர் 11-ஐ ஏவியது 1973. இரண்டும் வியாழனைக் கடந்து வெளியே போய்க்கொண்டிருந்தன. சூரியனும் கோள்களும் இழுப்பதை எல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் கலங்கள் துளி அளவு கூடுதலாக வேகம் குறைவது தெரிந்தது. எவ்வளவு துளி? ஓர் ஆண்டு முழுவதும் சேர்த்தால் நொடிக்கு மூன்று சென்டிமீட்டர்கூட வராது. ஈர்ப்பு விதியையே திருத்த வேண்டுமோ என்று பலர் யோசித்தார்கள். பழைய தகவல்களை எல்லாம் தேடி எடுத்து அலசி 2012-இல் விடை சொன்னார்கள். கலத்தில் இருந்த அணு மின்கலங்களின் வெப்பம் எல்லாப் பக்கமும் சமமாக வெளியேறவில்லை. முன்பக்கம் கொஞ்சம் அதிகமாகப் போனது, அந்த வெப்பக் கதிர்களின் உதைதான் கலத்தைப் பின்னால் தள்ளியது. வேகம் துளி மாறினாலும் அதற்கு ஒரு தள்ளுபவர் இருந்தே தீர வேண்டும் என்று விடாமல் தேடியதால் கிடைத்த விடை. முதல் விதியின் மேல் அவர்கள் வைத்த நம்பிக்கை அவ்வளவு.

ஏரிக்கரையான் (பழவேற்காடு):
கடைசியாக ஒன்று சார். நாசாவின் வாயேஜர் கலம் நின்றுபோகப் போகிறது, ஆற்றல் தீர்ந்துவிட்டது என்று அடிக்கடி செய்தி வருகிறது. ஓட ஆற்றல் வேண்டாம் என்றால் அது ஏன் நிற்க வேண்டும்?

சூளூர்ப்பேட்டை வாத்தியார்:
நிற்கப் போவது பேச்சு, ஓட்டம் அல்ல. வாயேஜர்-1 ஏவியது 1977 செப்டம்பர் 5. 1979-இல் வியாழன், 1980-இல் சனி என்று இரண்டு கோள்களைக் கடந்தபோது அவற்றின் ஈர்ப்பால் வேகம் பெற்றுக்கொண்டு, சூரியனின் பிடியிலிருந்தே தப்பிக்கிற வேகத்தில் போகிறது. இப்போது நொடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர். சூரியன் இன்னும் இழுக்கிறது, ஆனால் நிறுத்துகிற அளவுக்கு முடியாது.

தீர்ந்துகொண்டிருப்பது மின்சாரம். புளூட்டோனியம்-238 சிதையும் வெப்பத்திலிருந்து எடுக்கிற மின்சாரம் ஆண்டுக்கு ஏறத்தாழ நான்கு வாட் குறைகிறது. அதனால் கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்து வருகிறார்கள். அது தீர்ந்தால் நமக்குச் சமிக்ஞை வராது, கலம் போய்க்கொண்டேதான் இருக்கும். சுமார் 40,000 ஆண்டுக்குப் பிறகு கிளீஸ் 445 என்ற விண்மீனுக்கு 1.6 ஒளியாண்டு தொலைவில் கடந்து போகும் என்று கணக்கு.

அதில் ஹைட்ராசின் எரிபொருளும் இன்னும் இருக்கிறது. அது முன்னால் தள்ளுவதற்கு அல்ல. ஆண்டெனா பூமியைப் பார்த்தபடி இருக்கக் கலத்தை அவ்வப்போது லேசாகத் திருப்பி வைப்பதற்கு.